ஞாயிற்றுக்கிழமை மாணவர்

வார நாட்களில் பட்டப்படிப்புப் பிள்ளைகள் கூரையைப் பிய்க்கிற அறையில், இந்த ஞாயிறு காலை மின்விசிறியின் சத்தம்தான் கேட்கிறது. வேலை பார்ப்பவர்களுக்கான விரிவாக்கப் படிப்புக்கு வந்திருக்கும் நர்ஸும் வெல்டரும் மற்றவர்களும் முன் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வகுப்பில் கடைசி பெஞ்சை யாரும் சீண்டுவதில்லை. முதல் டிரிப்பை முடித்துவிட்டு ஓடிவந்த பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று மூச்சு வாங்குகிறார். காதோர நரையில் வெயில் விழுகிறது. இத்தனை வருஷமும் இந்தக் கல்லூரி வாசலில் அடுத்தவர் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனவர் அவர். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் பேராசிரியை காலடிச் சத்தம் கேட்டு, திரும்பாமலே, வார நாள் பழக்கத்தில் அதட்டுகிறார்: “இதுதான் வர்ற நேரமா? நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!”

“அப்பாதான் மேடம் வந்திருக்கேன்” என்கிறார் டிரைவர். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. திரும்பிப் பார்த்த பேராசிரியை நாக்கைக் கடித்துக்கொள்கிறார். “ஐயோ, மன்னிச்சிடுங்க சார். வாங்க, உக்காருங்க.” டிரைவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். “சாரெல்லாம் வேணாம் மேடம். மொதல்ல பேசின மாதிரியே பேசுங்க.” சாக்பீஸைக் கையில் உருட்டியபடி பேராசிரியை ஒரு கணம் அவரைப் பார்க்கிறார். “சரி. போய் உக்காரு.” வாயெல்லாம் பல்லாக, டிரைவர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போகிறார்.