குடிபோகும் முன் ஒரு குழி

"இன்னும் நாற்பது மணி நேரத்துல சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பப் போறீங்க. இப்ப எதுக்கு டீச்சர் மரம் நடுறீங்க?"

வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். மகன் குடும்பத்தோடு வருகிறான் என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னதே அவர்தான். முகம் சுளிக்காமல் தலையாட்டிய டீச்சர், போன வாரம் திடீரென்று மண்வெட்டியும் கையுமாகக் கொல்லையில் இறங்கிவிட்டாள்.

"மரம் மட்டும் இல்லக்கா, மழைத் தோட்டம். மாடித் தண்ணி இந்தக் குழியில இறங்கி, அப்படியே மண்ணுக்குள்ள போயிடும்."

முழங்கால் ஆழம், நாலு பாய் விரிக்கிற அகலம். அடியில் கோரை, சரிவில் நொச்சி, மேட்டில் ஆவாரம், ஓரமாக ஒரு நாவல் கன்று. மாடியிலிருந்து இறங்கும் குழாயின் வாயும் குழிப் பக்கம் திரும்பியிருந்தது.

"எல்லாம் ரோட்டோரம் தானா முளைக்கிறது. நாலு ரோஜா வச்சாலாவது கண்ணுக்கு அழகா இருக்கும்."

"தண்ணி நின்னா ரோஜா அழுகிடும். இதுங்க இந்த மண்ணுலயே பொறந்ததுங்க. மழை, வெயில் ரெண்டும் பழக்கம்."

"கொசு?"

"நேத்து பத்துக் குடம் ஊத்தினேன். காலையில பார்த்தா சொட்டு இல்ல. கொசு முட்டை போட்டு, அது வளர்ந்து பறக்க ஒரு வாரமாவது வேணுமே."

இவளிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது.

"மாடித் தண்ணி அது பாட்டுக்குச் சுவர் ஓட்டை வழியா வெளியே போய்க்கிட்டிருந்துச்சு. அதுல நமக்கென்ன குறைச்சல்?"

"வெளியேன்னா எங்கக்கா?"

"அது யாருக்குத் தெரியும்! போச்சுன்னா சரி." வீட்டுக்காரம்மா குழியை எட்டிப் பார்த்தார். "என் மகன் இங்க ஷெட் போடணும்னு சொன்னா மூடிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

மண்வெட்டி பாதியில் நின்றது. டீச்சரின் முகம் வாடிவிட்டது.

"மூட மட்டும் மூடிடாதீங்கக்கா. வாரா வாரம் நானே வந்து களை எடுக்கிறேன்."

வீட்டுக்காரம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. எத்தனையோ பேர் குடியிருந்து போயிருக்கிறார்கள். ஆணி அடித்த ஓட்டையைக்கூட ஒருத்தரும் அடைத்ததில்லை. இப்படிப்பட்டவளையா போகச் சொன்னோம்? புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நாவல் கன்றைச் சுற்றி மண்ணை அணைத்தார்.

"மூட மாட்டேன். என் பிள்ளை மேல சத்தியம், போதுமா?"

"போதும்க்கா." டீச்சர் நீளமாக மூச்சு விட்டாள்.

"இந்த வீட்டு மேல இவ்வளவு பாசம் வச்சிருக்கீங்க. எங்க குடிபோறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்கத் தோணலையே எனக்கு!"

டீச்சர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, சுவர் ஓட்டையைப் பார்த்தாள்.

"இதோ, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளத்து வீட்டுக்குத்தான்க்கா. போன மழையில உங்க மாடித் தண்ணி அந்தச் சமையலறையில முழங்கால் அளவு நின்னுச்சாம்."