அத்தான் அழுக வைத்த நாற்று

"அத்தான், நீங்க நாத்துக்குத் தண்ணி ஊத்துறீங்களா, இல்ல நீச்சல் கத்துக் குடுக்குறீங்களா?"

வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள் சின்னவள். கையில் ஒரு ட்ரே. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாய் வடிந்தது.

அக்காவும் தங்கையும் சேர்ந்து ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று தோட்டம் போட்டுக் கொடுக்கிறவர்கள். வளர்ந்த செடியாக வாங்கினால் பாதி வாடித்தான் வருகிறதென்று, இந்தத் தடவை குழிக்குழியான ட்ரேயில் விரல் நீள நாற்றாக எண்ணூறு வாங்கினார்கள். அக்கா வீட்டுக் கொல்லையில் பச்சை வலை கட்டித் தாங்களே வளர்த்தார்கள். அடுத்த மாதம் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நட்டாக வேண்டும். தவறினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"காலைல அக்கா ஊத்துறா, சாயந்திரம் நான் ஊத்துறேன். நடுவுல நீங்க எதுக்கு?"

"வெயிலா இருந்துச்சேன்னு..."

"வெயிலா? மூணு நாளா மேகம் மூடிக் கிடக்கு! ட்ரேயத் தூக்கிப் பாருங்க, கனமா இருந்தா ஊத்தாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

ஒரு நாற்றை உருவிக் காட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிச் சாக்கடை வாடை அடித்தது.

"இதோட நாலு ட்ரே போச்சு."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நானும் தொண்டத் தண்ணி வத்தக் கத்திட்டேன்டி. செவிடன் காதுல ஊதின சங்குதான். முப்பது வருஷம் பஸ் ஓட்டி பிரேக் போட்ட மனுஷனுக்கு ஒரு குழாய நிறுத்தத் தெரியல!"

அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது அந்தச் சிரிப்பு.

"சிரிங்க. இனிமே நீங்க வலைக்குள்ள கால் வச்சா, மிச்ச நாத்த எல்லாம் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அத்தான் முகம் சுண்டிப்போனது. "அது மட்டும் வேணாம்மா. அவ உசுரே இதுலதான் இருக்கு."

"அப்ப தண்ணியத் தொடாதீங்க!"

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்கவென்றே, விடிந்ததும் வந்து பக்கச் சந்தில் நின்றாள் சின்னவள்.

அக்கா வந்தாள். வரிசை வரிசையாகத் தண்ணீர் ஊற்றினாள். குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

கால் மணி நேரம் இருக்கும். திரும்ப வந்தாள்.

"அடடா, புள்ளைங்களுக்கு இன்னும் தண்ணி காட்டலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சொட்டிக்கொண்டிருந்த அதே ட்ரேக்களுக்கு முதலிலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள்.



அக்கா உள்ளே போனதும் அத்தான் பூனை மாதிரி வந்தார். ஒவ்வொரு ட்ரேயாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். சின்னவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"எத்தன நாளா அத்தான்?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். ஊத்தியாச்சேம்மான்னு ஒரு தடவ சொன்னேன். எப்போன்னு கேட்டா. யோசிச்சு யோசிச்சுப் பயந்துபோயி, அன்னைக்குப் பூரா சாப்பிடல. மெதுவா எடுத்துச் சொல்லித்தான் அவள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அதுவரைக்கும் நான் ஊத்தினதாவே இருக்கட்டுமே. திட்டு வாங்கி நான் என்ன தேஞ்சா போயிடப் போறேன்?"

பின்கதவு திறந்தது. அக்கா ஈரத்தரையைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"மறுபடியும் யாரு இதுல தண்ணிய ஊத்தினது?"

அத்தான் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான்க்கா."