நண்பர்களுக்குள் மட்டும்

"பட்டன் மூலை இன்னும் கொஞ்சம் உருண்டையா இருக்கணும். ரிஜெக்ட்!"

அவளுக்குத் தலை சுற்றியது. இந்த வாரத்தில் இது நான்காவது தடவை. திங்களன்று நீல நிறம் தூக்கலாம். செவ்வாயன்று எழுத்து ஒல்லியாம். நேற்று, பூதக்கண்ணாடிப் படம் இடது பக்கம் பார்க்கிறதாம்!

அவள் வடிவமைத்த தேடல் வசதி சாதாரண விஷயமில்லை. அவர்கள் கம்பெனி நடத்தும் சமூக வலைதளத்தில் எதைத் தேடினாலும் முன்பின் தெரியாதவர்கள் எழுதியதெல்லாம் வந்து கொட்டும். இனி நம் நண்பர்கள் எழுதியது மட்டும் வரும். இன்று வெள்ளி. இன்றைக்குள் சோதனையில் தேறினால் அவள்தான் அணித்தலைவி. தேறாவிட்டால் அந்த நாற்காலி பக்கத்து அணிக்காரருக்கு.

சோதிப்பவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் 'ரிஜெக்ட் மேடம்'. அவர் மேஜையைத் தாண்டாமல் எதுவும் வெளியே போகாது.

"மேடம், தேடல் வேலை செய்யுதா இல்லையா? சோதிக்கறதுக்கு என் சொந்தக் கணக்கையே கொடுத்தேனே!"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல பட்டன்."

"கொஞ்சம் நகருங்க, நானே தேடிப் பார்க்கறேன்."

மேடம் பாய்ந்து திரையை அணைத்தார். "தொடாதே!"

அவ்வளவுதான். அவள் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குள் புகுந்தாள். மேடமும் பின்னாலேயே வந்தார்.

"சார், இவங்களுக்கு என் மேல பொறாமை! வேணும்னே இழுத்தடிக்கறாங்க."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். "பட்டனைத் தவிர வேற குறை ஏதாவது இருக்கா?"

மேடம் கூரையைப் பார்த்தார். "திங்கக்கிழமை பாஸ் பண்ணிடறேன் சார்."

"சரி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது."

வழியெல்லாம் மேடத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால்... அக்கா!

ஆறு வருஷமாக வீடியோவில் மட்டுமே பார்த்த அக்கா, பெட்டியும் கையுமாக ஹாலில் நின்றாள். இவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள், அழுதார்கள், மறுபடி குதித்தார்கள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

கணவன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். "உன்னைத் தவிர நண்பர்கள் எல்லாருக்கும் தெரியும். போன ஞாயித்துக்கிழமையே உன் பேரைப் போட்டு, அக்கா வர்றாங்கன்னு எழுதிட்டேன். உன் கண்ணுக்கு மட்டும் தெரியாம மறைச்சு வச்சேன்!"

மறைச்சு வச்சானா?

குதித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். எழுதியவர் நண்பரா இல்லையா என்று மட்டும்தான் அவளுடைய தேடல் பார்க்கும். நண்பரே நம்மிடம் மறைத்து எழுதியிருந்தால்? அதை அவள் யோசிக்கவே இல்லை! இது வெளியாகியிருந்தால் எத்தனை பேர் ரகசியம் சந்திக்கு வந்திருக்கும்? அணித்தலைவி பதவி என்ன, வேலையே போயிருக்கும்.

பதறிப்போய் போனை எடுத்தாள். "மேடம்! என் தேடல்ல பெரிய ஓட்டை இருக்கு. மறைச்சு எழுதினதெல்லாம் வெளியே வந்துடும்!"

"தெரியும்மா. திங்கக்கிழமையே கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா அடுத்த நிமிஷமே ஓடி வந்து உன் பேரைத்தானே தேடியிருப்பே?" ரிஜெக்ட் மேடம் சிரித்து அவள் இதுவரை கேட்டதே இல்லை. "ஓட்டையை நாளைக்குச் சேர்ந்து அடைச்சுக்கலாம். அக்கா நல்லபடியா வந்து சேர்ந்தாங்களா?"