மாமா சொல்லாத பாஸ்வேர்டு

படத்தில் நிற்கிற அத்தனை பேரும் அவரவர் வைத்த பாஸ்வேர்டைச் சொன்னால்தான் இப்போதெல்லாம் படம் திறக்கும். பூவிழியின் கல்யாணப் படத்துக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள், தாய்மாமன் தணிகாசலத்தைத் தவிர. பந்தியில் தன் இலைக்கு அப்பளம் வைக்கவில்லையென்று அவர் முறுக்கிக்கொண்டார்.

பூவிழிக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. தாலி ஏறியபோது தன் முகம் எப்படி இருந்ததென்று அவள் இன்னும் பார்க்கவில்லை. பொறுத்துப் பார்த்தவள், பை நிறைய அப்பளக் கட்டுகளோடு மாமா வீட்டுக்கே போய், பிள்ளையை அவர் மடியில் போட்டாள்.

"தப்புதான் மாமா. உங்க மடியில வச்சுத்தான் இவனுக்கு மொட்டை போடணும். அந்தப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லிடுங்க."

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்கு ரெண்டு அப்பளம் வச்சாங்கம்மா."

"அப்புறம் எதுக்கு மாமா இவ்வளவு கோபம்?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மறந்துட்டேன்னு சொல்றதைவிட, கோச்சுக்கிட்டேன்னு சொல்றது கௌரவமா இருந்துச்சு."

பூவிழி வெளியே எடுத்து வைத்த அப்பளக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பையில் போட்டாள். இனி கோபித்துக்கொள்வது அவள் முறை.