மூன்றாவது பங்கு

“எம் பங்கையும் வையுங்க.”

பலாத்தோப்பைப் பாகம் பிரிக்கக் கூடியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செத்தாலும் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா தலையிலடித்துச் சொல்லியிருந்தாள். சுமித்ரா கேட்டுவிட்டாள்.

பங்கு கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அன்றோடு அடைத்துவிடும். அந்த ஊர் வழக்கம் அது. மலைக்குக் கீழே ஹாஸ்டலில் படித்த காலமெல்லாம், எங்காவது பலாப்பழ வாசனை அடித்தால்கூட அந்த வாசலை நினைத்துப் போர்வைக்குள் அழுதவள் அவள்.

“உன்னப் படிக்க வெச்சதே ஒரு பங்குதான் கண்ணு,” என்றான் பெரியண்ணன் சின்னராசு.

“அது சர்க்கார் பணம்ணா. நீ போட்டது பஸ் டிக்கெட்டு.”

சின்னண்ணன் பிரேம் ரோட்டைப் பார்த்தான். தோப்பை வாங்கி விடுதி கட்ட வந்தவர், காருக்குள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்துத் தொலைண்ணா. அவ பங்கையும் அந்தாளே வாங்கிக்குவாரு.”

சின்னராசு அவளை முறைத்தான். “வாங்கிட்டா இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது. அம்மாவப் பாக்கறதுன்னாலும் சந்தையிலதான். சம்மதமா?”

தூரத்தில் வீட்டுக் கூரையில் அடுப்புப் புகை எழுந்தது.

“சம்மதம்.”

ஊர்ப் பெரியவர் அப்பாசாமி துண்டை உதறி எழுந்தார். “அப்பப் பங்கு மூணு. சாமி சாட்சி. இனி யாரும் வெலகவும் முடியாது, மரத்துல கத்தி வெக்கவும் முடியாது.”

மிளகுக்கொடி ஏறிய மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருபத்தாறு.

“ஆளுக்கு எட்டு... அட, ரெண்டு மீதி நிக்குதே!”

பிரேமின் முகம் செத்துப்போனது. பாகத்தில் மரம் மீதி நின்றால் தோப்பைப் பிரிக்க மாட்டார்கள், பொதுவிலேயே விட்டுவிடுவார்கள். பொதுத் தோப்பை யாருக்கும் விற்க முடியாது.

“ரெண்டு பேருன்னா ஆளுக்குப் பதிமூணுன்னு அழகா வந்திருக்குமே! ஏண்டி, கணக்குல டிகிரி வாங்குனியே, மூணாப் பிரியாதுன்னு தெரியாதா உனக்கு?” என்று அவளிடம் பாய்ந்தான்.

“ரெண்டு பதிமூணு இருபத்தாறு. அந்த ரெண்டு எண்ணுமே பகா எண்ணுண்ணா, அதுக்கு மேல ஒடையாது. எப்பிடிப் பொரட்டிப் போட்டாலும் அதுக்குள்ள மூணு வராது.”

சுமித்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“தெரிஞ்சுதான் கேட்டேன்.”

வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ரோட்டை நோக்கி நடந்தாள்.