முதல் இடம் யாமிலுக்கு

அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான போர்ட்டோ ரிக்கோவில், லாரெஸ் ஊர்த் தையல் ஆலையில் ரேடியோ அலறியது. அமெரிக்க ராணுவச் சீருடையை நூல் முதல் பொத்தான் வரை உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்ற சட்டம் நிறைவேறிவிட்டது. ஆலைக்குப் புது ஆட்கள் தேவை!

பெண்கள் எழுந்து ஆட, சொராய்தா மட்டும் புது மேலாளர் அன்செல்மோவின் அறைக்கு ஓடினாள்.

"ஐயா, முதல் இடம் என் மகன் யாமிலுக்கு."

"தைக்கத் தெரியுமா?"

"கிழிஞ்சா அவனேதான் தச்சுக்கிறான்."

"காலையில எந்திரிப்பானா?"

"விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடுறான்."

"சொன்ன பேச்சைக் கேப்பானா?"

"நாலு வருஷமா அதைத்தான் செய்யறான்."

"இப்படிப்பட்ட ஆளை எந்த முதலாளிம்மா விடுவான்?"

"அடுத்த மாசம் ஒப்பந்தம் முடியுது. இங்க வேலை இல்லேன்னா திரும்பவும் கையெழுத்துப் போட்டுடுவான், ஐயா."

"எந்தக் கம்பெனி?"

"ராணுவம்."

அன்செல்மோ வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி! பட்டாளத்துக்கு உதவத்தான் சட்டமே போட்டிருக்காங்க. நீ அங்கேருந்தே ஆளை உருவுறியே!"

"அவன் போடுற சட்டையை நான் தச்சது போதும், ஐயா. இனி அவனும் உக்காந்து தைக்கட்டும்."

அன்செல்மோவின் சிரிப்பு அடங்கியது.

"உன் பக்கத்து மெஷினை யாருக்கும் தரமாட்டேன். போய் அவனுக்குப் போன் போடு."