சைலன்சரில் நாலு ஓட்டை

சைலன்சர் ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

ஆறியிருந்தது. வண்டிக்காரன் யாருடைய கல்யாணத்துக்கோ நண்பர்களோடு வேனில் போயிருந்தான். அவனைப் புருஷன் என்று சொல்லி அவளுக்கு நாளாயிற்று.

கதவைச் சாத்தினாள். நடையில் சாக்கை விரித்து வண்டிக்கடியில் சாய்ந்து படுத்தாள்.

புது வண்டி. நேற்றுத்தான் முதல் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது.

உருண்டைக் குழாயில் டிரில் பிட் வழுக்கும். முதலில் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. முனையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். மோட்டார் கம்பெனியில் நாள் முழுக்க அவள் பார்க்கிற வேலை இதுதான்.

ஓட்டையை அடிப்பக்கமாகப் போட்டாள். குனிந்து பார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

பழைய வண்டி நல்ல வண்டி. தண்ணீர்த் தொட்டி முக்கில் திரும்பும்போதே தடதடவென்று சொல்லிவிடும். டிவியை அணைக்கலாம். தட்டில் சோற்றைப் போட்டு வைக்கலாம். மகளை உள்ளே அனுப்பலாம்.

முகத்தை மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

புது வண்டி வந்த அன்று தெருவே கூடி நின்று மெச்சியது. சத்தமே இல்லாமல் பூனையாட்டம் வருகிறதாம்.

பூனை.

போன வாரம் மகள் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவன் கதவருகே நின்றிருந்தான்.

சிரித்ததுதான் குற்றம்.

தன் உடம்பில் பெல்ட் தடம் அவளுக்குப் புதிதில்லை. மகளின் முதுகில் அதைப் பார்த்தபோதுதான் உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணனுக்குப் போன் செய்தாள். ஆம்பளை அப்படித்தான் இருப்பான், அனுசரித்துப் போ என்றான். சரி என்று வைத்துவிட்டாள். மறுநாள் கம்பெனியில் கை டிரில்லைக் கேட்டு வாங்கி வந்தாள்.

நாலாவது ஓட்டை விழுந்தது. பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டுத் தரையைக் கூட்டினாள்.

மறுநாள் அவன் வண்டியைக் கிளப்பினான். தெரு அதிர்ந்தது.

அவனுக்கு ஒரே சந்தோஷம். சர்வீஸில் நன்றாக டியூன் செய்திருக்கிறார்கள் என்று முக்குக் கடை வரைக்கும் போய்ப் பெருமை பேசினான். போகும்போதும் வரும்போதும் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். முறுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வாரம் மகள் டிவி பார்த்தாள். சிரிக்கவும் செய்தாள்.

வார முடிவில், சாயங்காலம், வாசலில் மூன்று பேர். வீட்டுக்கார அம்மா. கடைசி வீட்டு மில் சூப்பர்வைசர். பக்கத்து வீட்டு லோகநாயகி அக்கா.

"மாத்திரை போட்டுட்டுப் படுக்கறனம்மா. தூக்கிவாரிப் போடுது" என்றார் சூப்பர்வைசர்.

"அந்த வண்டிய என்னன்னு பாரு கண்ணு" என்றாள் வீட்டுக்கார அம்மா. "செவுத்துக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்களும் மனுசங்கதான?"

அது ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடு. ஒற்றைச் செங்கல் சுவர். லோகநாயகி அக்கா வீட்டில் குக்கர் எத்தனை விசில் விடுகிறது என்று இவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் ராத்திரி சுவரில் எது மோதியது என்று அவர்களுக்கு மட்டும் தெரியாமலா போயிருக்கும்? மறுநாள் குழாயடியில் எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். இவளுடைய வீங்கிய கன்னத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். ஒருத்தர்கூட இந்தப் படி ஏறியதில்லை. ஒரு வண்டிச் சத்தத்துக்கு ஒரே வாரத்தில் ஊர்வலமாக வந்துவிட்டார்கள்.

அவள் வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"உங்களுக்கெல்லாம் காது கேக்கும்னு இன்னைக்குத்தானுங்க எனக்குத் தெரியுது."



தொட்டி முக்கில் வண்டி உறுமியது.

உள்ளே மகள் எழுந்தாள். டிவியை அணைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்தாள். நோட்டுப் புத்தகங்களை வாரிக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கிப் போனார். வீட்டுக்கார அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே கிளம்பினாள்.

வண்டி தெருவுக்குள் திரும்பியது.

லோகநாயகி அக்கா செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.